மருந்துக்கு அடங்காத கிருமிகளும் நம் மனச்சான்றும்



நோய் தீர்ந்து நலமுடன் வீடு திரும்பவேண்டும் என்ற நம்பிக்கையோடுதான் நாம் மருத்துவமனைக்குச் செல்கிறோம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, நான்காம் நாள் காய்ச்சல் வந்து, 'கிருமி தொற்றிவிட்டது, எந்த மருந்தும் கேட்கவில்லை' என்ற செய்தியைக் கேட்டுக் கலங்கி நிற்கும் குடும்பங்கள் இன்று நம் பங்குகளிலும் உண்டு. அவர்களுக்காக நாம் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். ஆனால் அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது, ஏன் மருந்துக்கு அடங்கவில்லை, இதில் நமக்கும் பங்கு உண்டா என்று சிந்திக்கிறோமா?

2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களின் நேரடி விளைவாக இறந்தனர் என்றும், இத்தகைய தொற்றோடு தொடர்புடைய இறப்புகள் 49 லட்சத்து 50 ஆயிரம் என்றும் 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணித்தது. இந்த 49 லட்சத்து 50 ஆயிரத்தை 2030ஆம் ஆண்டுக்குள் 10 விழுக்காடு குறைப்பது என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. பொது அவையில் கூடிய நாடுகள் உறுதி எடுத்தன. ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை இதற்கென விழிப்புணர்வு வாரமும் கடைப்பிடிக்கப்படுகிறது.

இது மருத்துவர்களும் அரசும் கவனிக்கவேண்டிய செய்தி, சிந்தனைப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இக்கிருமிகள் பரவும் விதத்தைப் புரிந்துகொண்டால், 'எனக்கு அயலார் யார்?' என்று நற்செய்தியில் எழுந்த கேள்வியே இங்கும் எழுவதை நாம் காண்போம்.

கிருமிக்கு வலிமை வரும் வழி

கிருமிகள் யோசித்துத் தப்பிப்பதில்லை. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா வசதியான சூழல் கிடைத்தால் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்தக் கணக்கின்படி ஒரே ஒரு பாக்டீரியா 10 மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதன் மரபணு படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது எங்காவது ஓர் எழுத்து மாறிப்போகும். அந்த மாற்றம் தற்செயலாக மருந்திலிருந்து தப்பும் ஆற்றலைக் கொடுத்துவிட்டால், மருந்து மற்ற பாக்டீரியாக்களை எல்லாம் கொன்று, தப்பிய அந்த ஒன்றுக்கு இடத்தைக் காலி செய்துகொடுக்கிறது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் இப்படி வலிய கிருமிக்குக் களம் அமைத்துக் கொடுக்கிறது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் தம் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார்.

இதைவிட வேகமான இன்னொரு வழியும் உண்டு. பாக்டீரியாவின் முதன்மையான மரபணுத் தொகுதிக்கு வெளியே பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்கள் உள்ளன. மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பெரும்பாலும் இவற்றில் அமர்ந்திருக்கும். ஒரு பாக்டீரியா அருகிலுள்ள மற்றொன்றைத் தொட்டு, இந்த வளையத்தின் படி ஒன்றை அதற்குக் கொடுத்துவிட முடியும். பெறுவது அதன் வழித்தோன்றலாக இருக்கவேண்டியதில்லை. வேறு இனமாகவும் இருக்கலாம்.

வீட்டில் உறைமோர் இல்லாதபோது பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிவருவோம் அல்லவா? அந்த ஒரு கரண்டி மறுநாள் நம் பானைப் பாலைத் தயிராக்கிவிடும். அதிலிருந்து மூன்றாவது வீட்டுக்கும் நாம் கொடுப்போம். கொடுத்த வீட்டில் தயிர் குறைந்துபோவதில்லை. பிளாஸ்மிடும் இப்படித்தான் கைமாறுகிறது. ஜப்பானில் 1950களில் வயிற்றுக்கடுப்புக் கிருமிகள் ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு அடங்காமல் போனதைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தனர். நான்கு தனித்தனி மாற்றங்கள் ஒரே கிருமியில் எப்படிச் சேர்ந்தன? ஈ.கோலையிடமிருந்து வயிற்றுக்கடுப்புக் கிருமிக்கு இந்த எதிர்ப்பு ஆற்றல் மொத்தமாகக் கைமாறுகிறது என்று 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

பெயரைக் குறித்து எழுந்த சண்டை

இந்த அறிவியல் நம் நாட்டு அரசியலுக்குள் நுழைந்தது 2010இல். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் இந்தியாவுக்கு வந்தபோது நோயுற்று, இங்கு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபின் ஸ்வீடன் திரும்பினார். 2008 ஜனவரியில் அவருடைய சிறுநீரில் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா காணப்பட்டது. கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையும் அது வெட்டிச் சிதைத்தது. அவருடைய மலத்தில் இருந்த ஈ.கோலையிலும் அதே மரபணு காணப்பட்டது. ஒரே மனிதரின் உடலில் இரண்டு இனங்களிடம் அதே மரபணு இருந்தது. மருந்தைச் சிதைக்கும் அந்தப் புரதத்துக்கு 2009இல் வெளியான கட்டுரையில் 'நியூ டெல்லி' என்ற பெயர் சேர்த்து என்.டி.எம்.-1 எனப் பெயரிட்டனர்.

2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமத்தி வால்ஷ் அதில் முக்கியப் பங்கு வகித்தார். இந்த மரபணுவைத் தாங்கிய பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற இடங்களில் 73 என அவர்கள் கண்டிருந்தனர். பிரிட்டனில் பாதிக்கப்பட்ட 29 நோயாளிகளில் 17 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்துசென்றவர்கள்.

உடனே நாட்டில் கொந்தளிப்பு எழுந்தது. வெளிநாட்டு நோயாளிகள் நம் மருத்துவமனைகளுக்கு வருவதைக் கெடுக்கச் சதி என்று சிலர் பேசினர். தலைநகரின் பெயரைக் கிருமியோடு சேர்த்தது அவமானம் என்று அரசு ஆட்சேபித்தது. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், அப்பெயரிட்டது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். ஊர்ப் பெயரைச் சூட்டுவது அதற்குமுன் நடக்காததல்ல. இத்தாலியின் வெரோனா நகரின் பெயரும் இதே வகைப் புரதம் ஒன்றுக்கு உண்டு. இருந்தாலும் ஓர் ஊர் மக்கள்மீது பழி விழும்படி பெயரிடுவது நல்லதல்ல என்பது உண்மையே. வருத்தப்பட நமக்கு உரிமை உண்டு.

ஆனால் பெயர்மீது காட்டிய சினத்தை, நம் வார்டுகளில் படுத்திருக்கும் நோயாளிகளின் நிலைமீது நாம் காட்டினோமா? 2010 செப்டம்பர், அக்டோபரில் டெல்லியில் தேங்கிக் கிடந்த நீரிலிருந்து 171 மாதிரிகளையும், குழாய்த் தண்ணீரிலிருந்து 50 மாதிரிகளையும் வால்ஷ் குழுவினர் சோதித்தனர். தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும், குழாய் நீரில் 2 மாதிரிகளிலும் அந்த மரபணு இருந்தது. காலராக் கிருமியிலும் அது புகுந்திருந்தது. 30 டிகிரி வெப்பத்தில் பிளாஸ்மிட் கைமாறுவது அதிகம் என்றும் கண்டனர். நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி நாள்கள் அப்படிப்பட்டவைதாம். கழிவுநீரும் குடிநீரும் கலக்கும் தெருக்களில் வாழ்பவர் ஏழைகள். ஆக, மருத்துவமனைக் கிருமி என்று நாம் சொல்வது மருத்துவமனைச் சுவருக்குள் அடங்கிக் கிடப்பதில்லை.

கிருமியின் வழியைக் காட்டிய மரபணு

மருத்துவமனைக்குள் அது எப்படிப் படுக்கை விட்டுப் படுக்கை தாவுகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு தெளிவாகக் காட்டியது. மேரிலாந்து மாநிலத்தில் அமெரிக்க அரசின் தேசிய நல நிறுவனங்கள் நடத்தும் புகழ்பெற்ற ஆய்வு மருத்துவமனைக்கு, 2011 ஜூனில் பெண் நோயாளி ஒருவர் நியூயார்க்கிலிருந்து மாற்றப்பட்டார். கார்பபெனத்துக்கு அடங்காத க்ளெப்சியெல்லா அவரிடம் இருப்பது முன்கூட்டியே தெரிந்ததால், அவரைத் தனி அறையில் வைத்துக் கவனத்துடன் சிகிச்சை அளித்தார்கள். ஜூலையில் அவர் நலம்பெற்று வீடு சென்றார். வேறு எவருக்கும் தொற்றவில்லை என்று நிம்மதி அடைந்தார்கள். மூன்று வாரங்கள் கழித்து இன்னொரு நோயாளியிடம் அக்கிருமி தென்பட்டது. பிறகு மற்றொருவர், பிறகு இன்னும் ஒருவர். மொத்தம் 18 பேர். அவர்களுள் 11 பேர் இறந்தனர்; அதில் 6 பேரின் மரணத்துக்கு அக்கிருமியே காரணம் என்று முடிவு செய்தார்கள்.

அக்கிருமிகளின் முழு மரபணுத் தொகுதியையும் எழுத்து எழுத்தாக வாசித்து ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. படி எடுத்தவர் செய்த பிழையைக் கொண்டு, எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு எழுதப்பட்டது என்று ஓலைச்சுவடி அறிஞர்கள் கண்டுபிடிப்பதில்லையா? அதுபோல, ஓரிரு எழுத்து வேறுபாடுகளைக் கொண்டு யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று வரைபடம் போட முடிந்தது. எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்தே பரவியிருந்தன. கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களில் கிருமி காணப்பட்டது. சுத்தம் செய்து வைக்கப்பட்ட ஒரு வென்டிலேட்டரிலும் அது இருந்தது. பணியாளர்கள் கைகழுவுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஆள்களை நியமித்தார்கள், குழாய்களைப் பெயர்த்தார்கள், தனிப் பிரிவுக்காகச் சுவர் எழுப்பினார்கள்.

பணமும் கருவியும் குறைவில்லாத மருத்துவமனையிலேயே இந்த நிலை. கிருமி நடக்கவோ பறக்கவோ இல்லை. நோயாளியைத் தொட்ட கையும், கழுவாமல் விட்ட குழாயும், அவசரத்தில் மாறிப்போன கருவியும் அதைச் சுமந்துசென்றன. பராமரிக்கும் கைகளே சுமந்துசென்றன என்பதுதான் இதில் மிகவும் வேதனையானது.

தொட்டிலில் கிடக்கும் அயலார்

இதன் சுமை யார்மீது இறங்குகிறது? டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை பிறந்த 88,636 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பச்சிளம் குழந்தைகளின் இரத்தத்தில் தொற்றிய கிருமிகளில் முதலிடத்தில் இருந்தது அசினெட்டோபாக்டர். அதில் 82 விழுக்காடும், க்ளெப்சியெல்லாவில் 54 விழுக்காடும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. தொற்றுகளில் பெரும்பகுதி பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள் நேர்ந்தவை.

இந்தக் குழந்தைகளில் எவரும் ஒரு மாத்திரைகூட வீணாக விழுங்கியதில்லை. திருமுழுக்குப் பெயர்கூடச் சூட்டப்படாத அந்தப் பிஞ்சுகள், பெரியவர்கள் பல ஆண்டுகளாகச் செய்த செலவுக்குக் கடன் கட்டுகின்றன. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், சிறுநீரகத்துக்கு இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர், அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய் ஆகிய அனைவரும் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் படுக்கையில் படுக்கிறார்கள்.

குற்றவாளி யார்?

சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆயினும் 'இரண்டு நாளில் வேலைக்குப் போகணும், நல்ல மாத்திரையாகக் கொடுங்கண்ணே' என்று மருந்துக்கடையில் கேட்கும் கூலித் தொழிலாளியை எளிதில் குறைசொல்லிவிடக் கூடாது. மருத்துவரிடம் போனால் கட்டணமும் போகும், அன்றைய கூலியும் போகும். கொரோனாக் காலத்தில் படித்தவர்களும் வசதி உள்ளவர்களும்கூட அஜித்ரோமைசின் மாத்திரையை வாட்ஸ்அப் செய்தியை நம்பி வாங்கி விழுங்கினார்கள் என்பதை மறந்துவிட முடியாது.

தவறு வேறு இடங்களிலும் இருக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், பல மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டனர். அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது அதிகம். கோழிகள் விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கலந்துவந்தார்கள். எல்லா மருந்தும் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவர் கொடுக்கும் மருந்து அது. அதை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட் வழியே கைமாறுகிறது என்று 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது. கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைக் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவ அமைப்புகள் பல கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், நம் நாட்டுக்கு ஏற்ற படிப்படியான கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 'எச்-1' அட்டவணையின்படி, அதிலுள்ள ஆன்டிபயாடிக்குகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதியது, யாருக்குக் கொடுத்தது என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்கவேண்டும். 2017இல் தேசியச் செயல்திட்டமும், 2025 நவம்பரில் அதன் இரண்டாம் கட்டமும் வந்தன. மாநில அளவில் கேரளம் 2018இல் முதலில் தன் திட்டத்தை அறிவித்தது. சட்டம் இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்கும் மனம் வேண்டும்.

நற்செய்தியின் ஒளியில்

உலகப் பொருள்கள் எல்லா மக்களுக்காகவும் படைக்கப்பட்டவை என்பது திருச்சபையின் சமூகப் படிப்பினைகளில் அடிப்படையானது. ஆன்டிபயாடிக்கின் ஆற்றலும் அத்தகைய பொதுச் சொத்தே. ஊர்க் கண்மாய் நீரைப்போல அதை எல்லாரும் பயன்படுத்தலாம். ஒருவர் வீணாக்கினால் கடைமடை வயல் காயும். எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் வலியுறுத்தியதை இக்கிருமிகள் நமக்குக் கண்கூடாகக் காட்டுகின்றன. கோழிப் பண்ணையும் ஆலைக் கழிவும் பச்சிளம் குழந்தையின் தொட்டிலும் ஒரே இழையில் கட்டப்பட்டுள்ளன.

கைகழுவாமல் உண்டதற்காகச் சீடர்களைக் குறைகூறிய பரிசேயரை ஆண்டவர் கண்டித்ததை மாற்கு நற்செய்தி ஏழாம் பிரிவில் வாசிக்கிறோம். தூய்மை தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. அதே பகுதியில் அவர் எதை எடுத்துக்காட்டுகிறார் என்று கவனியுங்கள். காணிக்கை என்று சொல்லி, பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்து தப்பித்துக்கொண்டவர்களை அவர் சாடுகிறார். அன்பைத் தட்டிக்கழிக்க மரபைக் கருவியாக்கியதே அவர் கண்டித்த குற்றம். இன்று மருத்துவமனையில் கைகழுவ மறுப்பதுதான் அன்பைத் தட்டிக்கழிப்பது. வியன்னாவில் 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கைகழுவவேண்டும் என்று விதித்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குச் சுமார் 18 தாய்மார் இறந்துகொண்டிருந்த இடத்தில், ஜூனில் அது 2 அளவுக்குக் குறைந்தது. ஆயினும் 'எங்கள் கைகளா நோயைக் கொண்டுவருகின்றன?' என்று சக மருத்துவர்கள் பலர் சினந்தனர். தங்கள் கை தூயது என்ற எண்ணத்தைத் துறப்பது எவருக்கும் கடினம்.

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். அவர் உதவியது தம் கண்ணால் கண்ட ஒருவருக்கு. நமக்கோ, நாம் ஒருபோதும் காணப்போகாத ஒருவரும் அயலார் ஆகிறார். அடுத்த ஆண்டு ஏதோ ஒரு மருத்துவமனையில் பிறக்கப்போகும் குழந்தையை மனத்தில் வைத்து இன்று ஒரு மாத்திரையைத் தவிர்ப்பதும், ஒரு நிமிடம் கைகழுவுவதும் பிறரன்புச் செயல்களே.

நாம் செய்யக்கூடியவை

முதலில் நம் கத்தோலிக்க மருத்துவமனைகளைப் பற்றிப் பேசுவோம். இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து குண்டூருக்கு வந்து பணியாற்றிய மருத்துவத் துறவி மேரி குளோரி 1943இல் தொடங்கினார். பெனிசிலினைப் போர்முனை வீரர்களுக்காகப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. சுத்தமான துணி, கொதிக்கவைத்த கருவி, கழுவிய கை ஆகியவையே அன்று நம் அருட்சகோதரிகளின் பெரிய மருந்துகள். அந்த மரபு நம்மிடம் உயிரோடு இருக்கிறதா?

உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, ஆல்கஹால் கரைசலால் கைகளைத் தேய்க்க 20 முதல் 30 வினாடிகள் வேண்டும். 20 நோயாளிகளைப் பார்க்கும் ஒரு செவிலியர் ஒவ்வொருவரையும் தொடும் முன்னும் பின்னும் ஒருமுறை கைகளைத் தேய்த்தால் 40 முறை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடம். இரவுப் பணியில் ஒரே செவிலியரிடம் முழு வார்டையும் ஒப்படைத்துவிட்டு, 'கைகளைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்று சுவரில் எழுதி வைப்பதில் நியாயம் இல்லை. போதிய செவிலியரை நியமிப்பதும், அவர்களுக்கு நியாயமான ஊதியம் கொடுப்பதும் கிருமித் தடுப்பின் ஒரு பகுதி. தொற்றுகளின் எண்ணிக்கையை மறைக்காமல் குறித்துவைப்பதும், தேவையற்ற ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கத்தைக் கண்காணிப்பதும் நம் நிறுவனங்களிடம் எதிர்பார்க்கப்படும் நேர்மை. நல்ல பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி மறைப்பது, 2010இல் பெயருக்காகச் சண்டையிட்டதைப் போன்றதே.

அருட்பணியாளர்களும், நற்கருணை எடுத்துச்செல்லும் பணியாளர்களும், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர்களும் வார்டுகளில் படுக்கை படுக்கையாகச் செல்கிறார்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் செல்லும் முன்னும், விட்டு வந்த பின்னும் கைகளைச் சுத்தம் செய்யட்டும். நோயில்பூசுதல் அருளடையாளத்தில் அருட்பணியாளர் தம் கையாலேயே பூசவேண்டும் என்றாலும், கனமான காரணம் இருந்தால் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று திருச்சபைச் சட்டம் 1000ஆம் எண்ணில் இடம் தருகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இதை நினைவில் கொள்வது நல்லது.

நோயாளியைப் பார்க்கப் போவது நம் பண்பாட்டில் ஊறிய நற்பழக்கம். அது வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பத்துப் பேராகச் சென்று கட்டிலில் உட்கார்ந்து, நோயாளியின் கட்டையும் குழாயையும் தொட்டுப் பார்த்து, அப்படியே பக்கத்துக் கட்டிலுக்கும் போய் நலம் விசாரிப்பதைத் தவிர்ப்போம். மருந்துக்கு அடங்காத கிருமி உள்ள நோயாளியைத் தனி அறைக்கு மாற்றினால் உறவினர்கள் அதை அவமானமாக எண்ணவேண்டாம். தனியாக வைத்துப் பராமரிப்பது வேறு, ஒதுக்கித் தள்ளுவது வேறு. தொழுநோயாளியைத் தொட்ட ஆண்டவர் இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டியிருக்கிறார். அந்த அறையின் கதவருகே நின்று பேச, தொலைபேசியில் செபிக்க, வெளியே காத்திருக்கும் மனைவிக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆள் இருக்கிறதா என்று அந்த அன்பியத்தார் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில், பழைய மாத்திரைப் பட்டையில் மீந்திருப்பதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துப் போடவேண்டாம். பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்கவேண்டாம். பட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் உட்கொள்ளக் கூடாத மருந்து. மருத்துவர் 'இதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை' என்றால் வற்புறுத்தாமல் நன்றி சொல்லி வருவோம். அவர் தேவை என்று சொன்னால், பயந்து தவிர்க்காமல், சொன்ன அளவில் சொன்ன நாள் வரை உட்கொள்வோம். நம் பங்குகளில் மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்துக்கடை நடத்துபவர்களும் உண்டு. மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பங்குமகன், தெரிந்தவர் கேட்கிறாரே என்று சீட்டில்லாமல் கொடுக்க மறுத்தால், அவருக்குச் சில வாடிக்கையாளர்கள் குறையலாம். அந்த இழப்பும் ஒரு காணிக்கையே. ஏழைத் தொழிலாளி மருத்துவரைப் பார்க்க வழி இல்லாமல்தான் கடைக்குப் போகிறார் என்றால், மாதம் ஓரிரு நாள் பங்கு வளாகத்தில் இலவச மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வது பங்குப் பேரவைகளால் இயலாத செயலா?

ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னையின் திருநாளில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளைக் கொண்டாடுகிறோம். அன்று நோயுற்றோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, அவர்களுக்குப் பழமும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வரும் ஆண்டு அந்த நாளில், நம் மறைமாவட்ட மருத்துவமனைகளின் வார்டு வாசல்களில் கைகழுவத் தண்ணீரும் சோப்பும் ஆல்கஹால் கரைசலும் இருக்கின்றனவா என்றும் பார்த்து, இல்லாத இடத்தில் வாங்கி வைப்போம். நோயுற்றோருக்கு அடைக்கலமான ஆரோக்கிய அன்னை, நம் கைகள் எவருக்கும் நோயைக் கொண்டுசெல்லாதிருக்க நமக்காக இறைவனை மன்றாடுவாராக.